ஒரே அளவான இரண்டு கயிறுகள்

எங்கள் திருகோணமலை ஆஸ்பத்திரியின் கதிர்ப்படப் பகுதிக்குப் புதிய ஸ்கான் இயந்திரம் வந்திருக்கிறதாம். அதன் திறப்பு விழா மலருக்குக் கட்டுரை கேட்டு, அங்கே இப்போது வேலை செய்யும் இருவர் பாலையூற்றில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"சேர், யுத்த காலத்தில நீங்கள் எவ்வளவு அர்ப்பணிப்போட வேலை செய்தனீங்கள் எண்டு எழுதித் தாங்கோ" என்றாள் அவர்களில் ஒருத்தியான இளம்பெண். கூட வந்தவர், "நாலு பக்கம் போதும் சேர். உங்கட படமும் ஒண்டு வேணும்" என்றார்.

அர்ப்பணிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அந்தச் சொல்லை மேடையில் அதிகம் சொன்னவர்கள்தான் கொழும்புக்கு இடமாற்றம் கேட்டு முதலில் விண்ணப்பித்தார்கள். நான் போகாமல் இருந்ததற்குக் காரணம் இலட்சியம் அல்ல. என் விண்ணப்பம் எங்கோ ஒரு கோப்பில் தொலைந்துபோயிற்று. ஆகவே அர்ப்பணிப்பை விட்டுவிட்டு, ஒரு குழந்தையின் இடது காலைப் பற்றி எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

நான் படித்தது எக்ஸ்ரே எடுப்பதற்கு. இரண்டு வருடப் படிப்பை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: நோயாளியிடம் மூச்சைப் பிடிக்கச் சொன்னால், பிறகு விடச் சொல்ல மறக்காதே. மீதி எல்லாவற்றையும் திருகோணமலை கற்றுத் தந்தது. மின்சாரம் நின்றால் எப்படிப் படம் கழுவுவது, தாக்குதல் நடந்த நாளில் யாரை முதலில் மேசையில் ஏற்றுவது என்பதையெல்லாம் எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை.

யுத்தத்தின் நடுவில், வெளிநாட்டுத் தர்மகாரியமாக ஒரு ஸ்கான் இயந்திரம் எங்களுக்கு வந்து சேர்ந்தது. காதுக்குக் கேளாத ஒலியை உடலுக்குள் அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியைப் படமாகக் காட்டும் பெட்டி. இன்றைய இயந்திரங்களைப் போல இரத்தம் ஓடுவதைச் சிவப்பிலும் நீலத்திலும் காட்டாது. கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான். பெட்டி வந்தது, அதைப் பார்க்கத் தெரிந்த நிபுணர் வரவில்லை. அவர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, கொழும்பிலிருந்து விமானத்தில் இடம் கிடைத்தால் இரண்டு நாள் வருவார். அவர்தான் டொக்டர் நல்லநாதன், என் மேலதிகாரி.

நல்லநாதன் ஒருநாளும் குரல் உயர்த்தியவர் அல்லர். குரல் உயர்த்தியிருந்தால் சகித்துக்கொண்டிருக்கலாம். அவர் சிவப்புப் பேனையால் பேசினார். ஸ்கான் கேட்டு நோயாளர் வாட்டிலிருந்து வரும் படிவத்தில், எதைத் தேடுகிறோம் என்ற கேள்வி எழுதப்படாவிட்டால், அதை நாலாக மடித்து, மடிப்பை நகத்தால் தேய்த்து, கொண்டுவந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பார். "கேள்வி இல்லாமல் வந்தால் பதில் இல்லாமல் போகும்." அவ்வளவுதான். நோயாளி சக்கர நாற்காலியில் காத்திருந்தாலும் அவ்வளவுதான்.

சட்டப்படி ஸ்கான் செய்வது டொக்டருடைய வேலை. எனக்கு அதில் கைவைக்க உரிமையில்லை. ஆனால் பதின்மூன்று நாள் இயந்திரம் துணி போர்த்திக்கொண்டு சும்மா நிற்பதை அவராலும் பார்க்க முடியவில்லை. ஆகவே எனக்குக் கற்றுத் தந்தார், ஒரு நிபந்தனையோடு. "நீர் பிடிக்கலாம். சொல்லக்கூடாது." அதாவது, நான் பார்த்துப் படத்தை எடுத்து வைக்கலாம், அதில் என்ன தெரிகிறது என்பதை ஒருவருக்கும் வாய் திறந்து சொல்லக்கூடாது. வீட்டில் தீப்பிடித்திருப்பதைப் பார், ஆனால் எரிகிறது என்று சொல்லாதே என்பது போன்ற விதி. அந்த விதியோடு பல வருடம் குடித்தனம் நடத்தினேன்.

இடையில் ஜெல் பிரச்சினை. தோலுக்கும் ஒலி அனுப்பும் கைக்கருவிக்கும் இடையில் காற்றுப் புகாமலிருக்க ஒரு வழுவழுப்பான பசை பூசவேண்டும். கொழும்பிலிருந்து அது ஒரு பிளாஸ்ரிக் கானில் வந்தது. வெளியில் கொட்டை எழுத்தில் ஜெல் என்று எழுதியிருந்தது. வெடி வைத்து மீன் பிடிப்பவர்கள் உள்ள மாவட்டம் எங்களுடையது. ஜெலிக்னைட் என்ற வெடிமருந்தின் பெயர் எல்லோருக்கும் தெரியும். வீதித் தடையில் நின்ற சிப்பாய்க்கும் தெரிந்திருந்தது. அவர் கானில் இல்லாத மீதி எழுத்துகளையும் தானே சேர்த்து வாசித்துக்கொண்டார். கான் தடுத்து வைக்கப்பட்டது. நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும், விசாரணை நடைபெறுகிறது என்ற ஒரே பதில் மூன்று தரம் வந்தது.

ஆஸ்பத்திரிக் கன்ரீனை நடத்தியவர் கிண்ணியாவைச் சேர்ந்தவர். நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். அவரிடம் போய், கோன்பிளவர் மாவைத் தண்ணீரில் கரைத்துக் களியாகக் காய்ச்சித் தரக் கேட்டேன்.

"சீனி போடவா சேர்?"

"வேண்டாம் நானா. இது வயித்தில பூச."

"எங்கட சாப்பாட்ட வயித்துக்குள்ள போடப் பயந்து, இப்ப வெளியால பூசத் தொடங்கிட்டீங்களா?"

களி நன்றாகவே வேலை செய்தது. இரண்டாம் நாள் புளித்து மணத்தது, அவ்வளவுதான்.

இனிக் குழந்தையிடம் வருகிறேன்.

ஏழு மாதப் பெண் குழந்தை. ஊர் ஈச்சிலம்பற்று. கடுமையான வயிற்றோட்டம். தாய் கனகேஸ்வரி அதைத் தூக்கிக்கொண்டு உழவு இயந்திரப் பெட்டியில் மூதூர் வரைக்கும் வந்து, லோஞ்சுக்குக் காத்திருந்து, குடாவைக் கடந்து, இறங்குதுறையில் சோதனைக்கு வரிசையில் நின்று, எங்கள் வாட்டுக்கு வந்து சேர்ந்தபோது குழந்தையின் கண் குழிவிழுந்து, தோல் சுருங்கியிருந்தது. கையிலும் தலையிலும் ஊசி ஏற்ற ஒரு நரம்பும் அகப்படவில்லை. ஆகவே இடது தொடை மடிப்பில் உள்ள பெரிய நாளத்துக்குள் மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, அதன் வழியே சேலைன் ஏற்றினார்கள். குழந்தை பிழைத்தது. செய்தவர் வாட்டுக்குப் புதிதாக வந்திருந்த இளம் டொக்டர். அதை அவர் நன்றாகவே செய்தார் என்பதை எழுதிவைக்க வேண்டும். பிறகு வருவதை வைத்து அவரை யாரும் மட்டமாக நினைக்கக்கூடாது.

நாலாம் நாள் குழாயின் நுனி எங்கே நிற்கிறது என்று பார்க்க, நகர்த்தும் எக்ஸ்ரே இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வாட்டுக்குப் போனேன். கட்டிலடியில் ஒரே சத்தம். குழந்தையின் இரண்டு கணுக்காலிலும் கண்ணூறுக்குக் கறுப்புக் கயிறு கட்டியிருந்தது. வலது காலில் கயிறு தொய்ந்து கிடந்தது. இடது காலில் தசைக்குள் புதைந்து, மேலும் கீழும் வீங்கியிருந்தது.

வாட்டுச் சிஸ்டர் கத்தரிக்கோலோடு நின்றார். "எத்தனை பேருக்குச் சொல்லியாச்சு, பிள்ளையளுக்குக் கயிறு கட்டாதேங்கோ எண்டு! காலைப் பார், காலை! இன்னும் ரெண்டு நாள் போனா அழுகிப் போயிருக்கும்!"

"இறுக்கிக் கட்டல்ல மிஸ்" என்றாள் தாய்.

"பின்னை இதென்ன?"

அந்த இடத்தில் ஒரு புத்திசாலி வாய் திறந்தான். "கயிறு கட்டினாக் கண்ணூறும் போகும், காலும் போகும்" என்றேன். சிஸ்டர் சிரித்தார். பக்கத்தில் நின்ற இளம் டொக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிஸ்டர் இடது கயிற்றை வெட்டித் தாயின் மடியில் போட்டார். வலது கயிறு தொய்ந்து கிடந்ததால் அதை விட்டுவிட்டார். டொக்டர் கட்டில் தலைமாட்டிலிருந்த அட்டையில் எழுதினார்: இடது கால் வீக்கம், காரணம் கயிறு, கயிறு அகற்றப்பட்டது. நான் படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

படித்தவர்கள் மூன்று பேர் அந்தக் கட்டிலைச் சுற்றி நின்றோம். நாங்கள் எல்லோரும் மூடநம்பிக்கையைக் கண்டுபிடித்த சந்தோசத்தில் இருந்தோம். கண்டுபிடித்த பிறகு வேறெதையும் தேடவேண்டிய அவசியம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து வேறொரு குழந்தைக்குப் படம் எடுக்க அதே வாட்டுக்குப் போனேன். வேலை முடிந்து இயந்திரத்தைத் திருப்பும்போது கனகேஸ்வரி கட்டிலைவிட்டு எழுந்து வந்து முன்னால் நின்றாள்.

"முந்தநாள் சிரிச்ச ஐயாதானே நீங்க?"

ஓம் என்றேன். வேறென்ன சொல்வது?

"அப்ப இதையும் பாத்துட்டுச் சிரிங்க."

வெட்டிய கயிற்றை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். அவிழ்த்து எடுத்தாள். முடிச்சு அப்படியே இருந்தது. வெட்டு மறுபக்கத்தில் விழுந்திருந்தது. "ஒரே நூல்கட்டையில ஒரே அளவா வெட்டி, ஒரு விரல் போற மாதிரி விட்டு, ரெண்டு காலுக்கும் நான்தான் கட்டினேன். அந்தக் கால்ல தொங்குது. இந்தக் கால்ல மட்டும் எப்பிடி ஐயா இறுக்கும்? கயிறு என்ன, ஆள் பாத்தா சுருங்கும்?"

கயிற்றை வாங்கி வலது கணுக்காலைச் சுற்றிப் பிடித்தேன். அங்கே ஏற்கெனவே கட்டியிருந்த கயிற்றின் மேல் அச்சொட்டாக விழுந்தது, அதே தொய்வு. இடது கணுக்காலைச் சுற்றிப் பிடித்தேன். முனைகள் ஒன்றையொன்று தொடவில்லை. இடையில் என் சுண்டுவிரல் அகலத்துக்கு இடைவெளி. கயிறு வெட்டி இரண்டு நாள் கழிந்தும் வீக்கம் ஒரு நூலளவும் வற்றவில்லை. தொடை வரைக்கும் ஏறியிருந்தது. தோல் மினுங்கியது.

கயிறு காலை இறுக்கவில்லை. கால்தான் வீங்கிப்போய்க் கயிற்றுக்குள் சிக்கியது. ஒரு தாய்க்கு முதல் நாளே தெரிந்திருந்த இந்தக் கணக்கு எங்களுக்குத் தெரிய இரண்டு நாள் எடுத்தது. இந்த இரண்டு நாளும் அவள் சிஸ்டரிடம் சொன்னாள், டொக்டரிடம் சொன்னாள், நிலம் கூட்ட வந்த பெண்ணிடம்கூடச் சொன்னாள். எல்லோரிடமும் ஒரே பதில்தான்: வெட்டியாச்சுத்தானே, குறையும்.

குழாய் நிற்கும் நாளத்துக்குள் இரத்தம் கட்டிபட்டு அடைத்தால் கால் இப்படித்தான் வீங்கும். குழந்தைகளின் நாளம் மெல்லியது. குழாய் அதன் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உடலில் தண்ணீர் வற்றியிருந்தால் இரத்தமும் தடித்திருக்கும். நல்லநாதன் இதைச் சொல்லித் தந்திருந்தார். இன்னொன்றும் சொல்லியிருந்தார்: அந்தக் கட்டி குழாயில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது குழாயை வெடுக்கென்று இழுத்தால், கட்டி கழன்று இருதயத்துக்கும் அங்கிருந்து நுரையீரலுக்கும் போகலாம். முதலில் இரத்தம் மேலும் உறையாமலிருக்க மருந்து. குழாயை எடுப்பது பிறகு.

டொக்டரிடம் போனேன். "குழாயை எப்ப எடுக்கிறியள் டொக்டர்?"

"இண்டைக்கு ரெண்டு மணிக்கு. பிள்ளை பால் குடிக்குதுதானே, இனித் தேவையில்லை."

அப்போது பதினொரு மணி.

"கால் வீக்கத்துக்கு ஒரு ஸ்கான் படிவம் எழுதித் தாங்கோவன்."

"காரணம் தெரிஞ்ச வீக்கத்துக்கு என்னெண்டு எழுதுறது? உங்கட பெரியவர் நாலா மடிச்சுத் திருப்பி அனுப்புவார்."

அதுவும் உண்மைதான். அட்டையில் காரணம் எழுதியாயிற்று. எழுதிய காரணத்தை வெட்டுவதற்கு இந்த நாட்டில் ஒரு கயிற்றை வெட்டுவதைவிடப் பெரிய கத்தரிக்கோல் வேண்டும்.

படிவம் இல்லாமலே தாயையும் குழந்தையையும் ஸ்கான் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

இதைச் செய்யும் முறையை எழுதுகிறேன். புதிய இயந்திரம் வந்தாலும் இது மாறாது. குழந்தையைத் தாயின் மடியில் படுக்கவைக்க வேண்டும். கால்களைத் தவளைபோல அகற்றி மடிக்க வேண்டும். களியை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிய பிறகே பூச வேண்டும். குளிர்ந்தால் குழந்தை அழும். அழுதால் நாளம் உப்பும். உப்பிய நாளம் பொய் சொல்லும். ஆகவே பால் கொடுக்கச் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மணி ஓடும். ஓடட்டும்.

நல்ல காலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தொடை மடிப்பில் சின்னக் கருவியைக் குறுக்காக வைத்தால் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கறுப்பு வட்டம் தெரியும். துடிப்பது நாடி. மற்றது நாளம். கருவியால் மெல்ல அமத்தினால் நாடி அப்படியே நிற்கும். நாளம் உதடு மூடுவதுபோல மூடி ஒரு கோடாகும். கையைத் தளர்த்தத் திறக்கும். பெரியவர்களுக்கு அமத்துவதுபோல அமத்தக்கூடாது. மூடிய கண்ணிமைமேல் விரல் வைக்கும் பாரம் போதும். புதிதாக உறைந்த கட்டி படத்தில் இரத்தம் போலவே கறுப்பாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மூடாத நாளம்தான் அதைக் காட்டிக் கொடுக்கும். மூடவில்லை என்று கண்டால் அதற்குமேல் அமத்தாதே; கட்டியை நீயே கிளப்பிவிடுவாய்.

வலது காலில் நாளம் மூடியது, திறந்தது. கனகேஸ்வரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது காலுக்கு வந்தேன். குழாயின் இரண்டு வெள்ளைக் கோடுகளும் தெரிந்தன. மெல்ல அமத்தினேன். நாளம் வட்டமாகவே நின்றது.

"அது மூடல்லையே" என்றாள் அவள்.

பிடிக்கலாம், சொல்லக்கூடாது. நான் சொல்லவில்லை. அவள் சொன்னாள்.

அலுவலக ரெலிபோனுக்கு ஓடினேன். கொழும்பு இணைப்புக் கேட்டுக் காத்திருக்கும்போது மணி பன்னிரண்டே முக்கால். கிடைத்தது, அறுந்தது, மறுபடி கிடைத்தது. நல்லநாதனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் பதற்றப்படவில்லை. படிவத்தை நிரப்புவதுபோலக் கேள்வி கேட்டார்.

"நல்ல காலை முதல் பார்த்தீரா?"

"ஓம் சேர். மூடினது."

"மற்றது?"

"மூடேல்லை. மடிப்பிலயும் இல்லை, கீழ ரெண்டு இடத்திலயும் இல்லை."

"பிள்ளை அழுததா?"

"இல்லை சேர். பால் குடிச்சுக்கொண்டிருந்தது."

"குழாய்?"

"இன்னும் உள்ளதான் நிக்குது. ரெண்டு மணிக்கு எடுக்கப்போகினம்."

 

"அந்த டொக்டரைக் கூப்பிடும்."

டொக்டர் வந்து ரெலிபோனை வாங்கினார். "ஓம் சேர்" என்று பத்துத் தரம் சொன்னார். ஒவ்வொரு ஓமுக்கும் முகம் ஒரு பங்கு வெளிறியது. வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் வாட்டுக்கு ஓடினார். அன்று குழாய் எடுக்கப்படவில்லை. அதன் வழியாகவே இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் மருந்து ஏற்றப்பட்டது. இரத்தக் கசிவு வருகிறதா என்று அவர் பக்கத்திலேயே இருந்து பார்த்தார். நாட்கள் சென்று, கட்டி நாளத்தோடு இறுகிய பிறகுதான் குழாயை வெளியே எடுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமல் இருப்பதற்காகத்தான் இவ்வளவும்.

அடுத்த முறை நல்லநாதன் வந்து தானே ஸ்கான் செய்து பார்த்தார். "சரி" என்றார். பிறகு இரண்டு தாள் எழுதினார். ஒன்று எனக்கு: படிவமின்றி ஸ்கான் செய்தமைக்கு ஏழு நாட்களுக்குள் எழுத்தில் விளக்கம் தருக. கேள்வி குழந்தையின் தாயிடம் இருந்தது, படிவத்தில் எழுத அவருக்கு அதிகாரம் இல்லை என்று ஒரு வரியில் பதில் கொடுத்தேன். அதில் ஒரு சந்திப் பிழையைச் சிவப்பு மையால் திருத்திக் கோப்பில் போட்டார். என் சுயவிவரக் கோப்பில் அது இன்னும் இருக்கும், தொலைந்திருக்காது, அப்படிப்பட்டவை தொலைவதில்லை.

மற்றத் தாள் வாட்டு அட்டையில் ஒட்டப்பட்டது. தாயைக் கொண்டே இரண்டு காலிலும் ஒரு விரல் தொய்வோடு மறுபடி கயிறு கட்டுவித்து, தினமும் காலையில் இரண்டின் தொய்வையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருந்தார். கடைசி வரி சிவப்பில் இருந்தது: கயிற்றை அகற்ற வேண்டாம்.

சிஸ்டர் அதைப் படித்துவிட்டு, "இனி இவர் தாயத்தும் எழுதித் தருவார்" என்றார். ஆனால் மறுநாளிலிருந்து தன் கையாலேயே ஒப்பிட்டு எழுதினார்.

ஆறு வருடத்துக்குப் பிறகு, கொய்யா மரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்ட ஒரு சிறுமியைக் கூட்டிக்கொண்டு ஒரு பெண் என் எக்ஸ்ரே அறைக்கு வந்தாள். அவள் யாரென்று எனக்கு மட்டுக்கட்ட முடியவில்லை. அவள் மகளிடம் சொன்னாள்: "இவர்தான் புள்ள, சிரிச்ச ஐயா."

ஈச்சிலம்பற்றில் ஒரு வீட்டில் ஆறு வருடமாக எனக்கு அதுதான் பெயர் என்று அன்றுதான் தெரிந்தது.

"கால் எப்பிடி?" என்று கேட்டேன்.

"மரத்தில ஏறுறாள்தானே, பிறகென்ன? பின்னேரத்தில மட்டும் கொஞ்சம் கனக்குது எண்டுவாள்."

மேசையில் ஏற்றுவதற்காகக் குனிந்து செருப்பைக் கழற்றினேன். வார் வைத்த செருப்பு. வலது கால் வார் மூன்றாவது துளையில் பூட்டியிருந்தது. இடது கால் இரண்டாவது துளையில், ஒரு துளை தளர்வாக. நடக்கும்போது யாருக்கும் தெரியாது, கழற்றுகிறவனுக்குத்தான் தெரியும்.

மூன்று பேர் சிரித்துவிட்டு விட்ட இரண்டு நாளின் அகலம் அந்த ஒரு துளை. மணிக்கட்டை நேராக வைத்துப் படம் எடுத்தேன். பிறகு செருப்பை நானே மாட்டிவிட்டேன், இடது காலுக்கு இரண்டாவது துளையில்.